கறையான் வயிற்றில் குடியிருப்போர்

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாடுபட்டவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்பது அதன் பொருள். ஆனால் அதே கறையானின் வயிற்றுக்குள்ளும் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. அது வீட்டுக்காரனை விரட்டுவதில்லை. அவனுக்குச் சோறு போடுகிறது!

பால் மரத்தின் அடியிலிருந்து மண்பூச்சு மேலேறியிருப்பதைத் தோட்டத்தில் பலரும் கண்டிருப்பீர்கள். அந்தப் பூச்சுக்குள் மறைந்திருந்து பச்சை மரத்தையே குடையும் கறையான் இனம் ஒன்று மலேசியாவில் உண்டு. ரப்பருக்கும், சதுப்பு நிலத்துச் செம்பனைக்கும் அது பெரும் பகை.

மரக்கட்டையைத் தின்று ஓர் உயிர் எப்படி வாழ முடியும்? மரநாரைச் செரிக்கும் வல்லமை நம் வயிற்றுக்கு இல்லை. கறையானின் எச்சிலில் அதற்கான நீர் சிறிது ஊறினாலும் அது மட்டும் போதாது. அதன் பின்குடலில் கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அவை மரத்தூளை விழுங்கிச் செரித்து, கறையானுக்கு வேண்டிய சத்தைத் தருகின்றன.

இதை 1920களில் மெய்ப்பித்தவர் கிளீவ்லண்ட் என்னும் அமெரிக்க அறிஞர். தம் நாட்டுக் கறையான்களை 36 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நாள் முழுதும் வைத்தார். கறையான்கள் பிழைத்தன, வயிற்றிலிருந்த ஓரணு உயிர்கள் மடிந்தன. அதன்பின் அந்தக் கறையான்கள் வழக்கம்போல் மரத்தைத் தின்றன. ஆயினும் தின்றுகொண்டே பட்டினியால் செத்தன! அந்த உயிர்களை மீண்டும் குடியேற்றியபோதோ கறையான்கள் பிழைத்துக்கொண்டன.

1973ல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. கறையான் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. நாம் உரமூட்டையில் காசு கொடுத்து வாங்கும் அதே நைட்ரஜன்!

இங்கேதான் ஒரு சிக்கல். வளரும் கறையான் பாம்பைப் போலத் தோலுரிக்கும். அப்போது பின்குடலின் உள்தோலும் கழன்றுவிடுவதால், குடியிருந்த உயிர்களையும் அது இழந்துவிடுகிறது. தனித்து நின்றால் சாவுதான். எனவே, கூட்டிலுள்ள மற்றொரு கறையானின் பின்புறத்திலிருந்து வரும் துளியை உண்டு அவற்றைத் திரும்பப் பெறுகிறது. நமக்கு அருவருப்பு, அதற்கோ அதுவே உயிர்.

கறையான் எறும்பின் உறவு என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது கரப்பான் பூச்சியின் வழிவந்தது. 2007ல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. மரம் தின்னும் கரப்பான் இனம் ஒன்று வட அமெரிக்கக் காடுகளில் இன்றும் உண்டு. அதன் குடலிலும் இதே வகை ஓரணு உயிர்கள் உள்ளன. அதுவும் தன் குஞ்சுகளுக்கு இவ்வாறே ஊட்டி, அவற்றோடு குடும்பமாக வாழ்கிறது. குடல் உயிர்களைக் கைமாற்றும் இந்தத் தேவைதான் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரியாமல் வைத்து, காலப்போக்கில் அரசன், அரசி, வேலையாள், காவலாள் என்ற பெருங்குடும்பம் உருவாக உதவியது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலும் கறையான்தான். புதுக்குடித்தனம் தேடிப் பறக்கும் மரக்கறையான் ஈசல், இந்த உயிர்களை வயிற்றில் சுமந்தே செல்கிறது. தாய்வீட்டுச் சீதனம் அல்லவா அது!

இந்தப் பகிர்ந்துண்ணும் பழக்கமே கறையானின் பலவீனமும் ஆகும். 1990களில் புழக்கத்துக்கு வந்த நச்சுத் தீனி அதைத்தான் பயன்படுத்துகிறது. அது உடனே கொல்வதில்லை. புதுத்தோல் உருவாகாமல் தடுக்கிறது. தின்ற கறையான் கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கும் ஊட்டுகிறது. தோலுரிக்கும் வேளையில் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஆகவே, வீட்டில் தீனி வைத்திருந்தால் அதைக் கிளறிப் பார்க்காதீர்கள். அதன்மேல் மருந்தும் அடிக்காதீர்கள். கலைந்துபோனால் தீனி கூடு போய்ச் சேராது.

பலகைச் சுவரும் விறகும் மண்ணைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மறுநடவின்போது பழைய அடிக்கட்டைகளையும் வேர்களையும் மண்ணில் விட்டுவைக்காமல் அகற்றுவது நல்லது. கறையான் முதலில் பந்தி விரிப்பது அங்கேதான்.