இழுக்கும் ஆற்றலும் தாங்கும் ஆற்றலும்

அமெரிக்க நாட்டிலே, உறங்கவும் சமைக்கவும் வசதி அமைந்த இழுவை வீட்டைப் பிக்கப் வண்டியின் பின்னே பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நெடும்பயணம் செல்வோர் பலர். அவர்களுள் சிலர் செய்யும் பிழை யாது?

‘வண்டி 9,000 இராத்தல் இழுக்கும், வீடோ பொருள்களோடு 7,000 இராத்தலே, ஆதலின் அச்சமில்லை’ என்று கருதுவதே அப்பிழை. வண்டி இழுத்தால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும். இழுவை வீட்டின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, கொக்கியின் வழியே வண்டியின் மீது அமர்கின்றது. மாட்டுவண்டியில் முன்பாரம் என்போமே, அதனை ஒத்தது இது. 13 விழுக்காடு எனக் கொண்டால் 910 இராத்தல். ஓட்டுநர் உள்ளிட்ட குடும்பத்தினர் 500. வண்டியில் ஏற்றிய பொருள்கள் 200. ஆக 1,610 இராத்தல். ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள சீட்டில் குறித்த தாங்கும் எல்லை 1,500 எனின், வண்டி வரம்பு கடந்துவிட்டது அன்றோ?

முன்பாரத்தைக் குறைக்க, வீட்டிலுள்ள பொருள்களைப் பின்னே தள்ளலாமா? கூடாது. முன்பாரம் குன்றினால் வீடு இருபுறமும் அலைந்து வண்டியையும் கவிழ்த்துவிடக்கூடும். எடை குறைந்த வீட்டையோ, தாங்கும் ஆற்றல் மிக்க வண்டியையோ தேர்தலே தக்கது.

மாணவர்களே, எல்லைகள் பல இருக்குமிடத்து, எது முதலில் எட்டப்படும் என்று கணக்கிட்டுப் பார்த்த பின்னரே புறப்படுதல் வேண்டும்.