இருட்டுல சூட்டைப் பாக்குற சிப்: ஏவுகணையில இருந்து கூடலூர் தோப்பு வரைக்கும்

இன்னைக்கு எபிசோடு இன்ஃப்ராரெட் சென்சார் பத்தி. தமிழ்ல அகச்சிவப்பு உணரி. ஏவுகணையோட மூக்குல இருக்கிறது இதுதான். கொரோனா நேரத்துல மால் வாசல்ல உங்க நெத்திக்கு நேரா நீட்டின தெர்மாமீட்டர்ல இருந்ததும் இதே குடும்பம்தான். ராணுவத்துக்குன்னு உருவான பொருள் எப்படி கடைக்கு வந்துச்சு, இப்ப ஏன் இதுக்கு இவ்வளவு கிராக்கி, காட்டோரத்துல இருக்கிறவங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்? இந்த மூணையும் பாப்போம்.

நான் கூடலூர்க்காரன். நீலகிரி கூடலூர் இல்ல. தேனி மாவட்டம், கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவுல இருக்கிற கூடலூர். அதனால உதாரணம் எல்லாம் அந்தப் பக்கமாத்தான் வரும்.

எது தெர்மல், எது இல்ல

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். உங்க அபார்ட்மென்ட் சிசிடிவி ராத்திரி கறுப்பு வெள்ளையில படம் காட்டுதுல்ல, அது தெர்மல் கேமரா இல்ல. அதைச் சுத்தி இருக்கிற குட்டி எல்இடி எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அடிக்குது. அது பட்டுத் திரும்புறதைத்தான் கேமரா பிடிக்குது. டிவி ரிமோட்டும் அதே கதைதான். சுருக்கமா சொன்னா, அது கண்ணுக்குத் தெரியாத ஒரு டார்ச்.

தெர்மல் கேமராவுக்கு டார்ச்சே வேண்டாம். சூடா இருக்கிற எந்தப் பொருளும் தானாவே இன்ஃப்ராரெட் கதிரை வெளியிடும். மனுஷன், மாடு, யானை எல்லாமே. நம்ம உடம்பு அதிகமா வெளியிடுற அலையோட நீளம் 10 மைக்ரான் வாக்குல இருக்கும். கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தைவிட அது சுமார் 20 மடங்கு நீளம். சாதாரணக் கண்ணாடி இந்த அலையை உள்ளே விடாது. தெர்மல் கேமராவை ஜன்னல் கண்ணாடி வழியா வெளியே காட்டினா தெரு தெரியாது, கண்ணாடியோட சூடுதான் தெரியும். அதனாலதான் இதுக்கு ஜெர்மேனியத்துல லென்ஸ் செய்யறாங்க.

இயற்கையில இந்த வேலையை குழிவிரியன் பாம்பு எப்பவோ செஞ்சிட்டிருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில ஏலத்தோட்டம் இருக்கிற பக்கமெல்லாம் இதைப் பாக்கலாம். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவுல ஒரு குழி இருக்கும், எலியோட சூட்டை அதுலதான் உணருது. அமெரிக்காவுல அந்த இனத்துப் பாம்பு ஒண்ணுக்கு சைட்வைண்டர்னு பேரு. 1950-கள்ல வந்த, எதிரி விமானத்தோட எஞ்சின் சூட்டைத் துரத்துற ஏவுகணைக்கும் அதே பேரைத்தான் வச்சாங்க.

சூடு எப்படி படமாகுது

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, குளிர்விச்ச சென்சார். கேமராவோட சொந்தச் சூடே படத்தைக் கெடுத்துடும்கிறதால, சென்சாரை மைனஸ் 196 டிகிரி வாக்குல வச்சிருப்பாங்க. ரொம்ப தூரம் தெளிவாத் தெரியும். ஆனா விலை அதிகம், உள்ளே குளிர்விக்கிற மெஷினும் ஓடணும். ராணுவத்துல தொலைதூரக் கண்காணிப்புக்கு இதான்.

இன்னொண்ணு மைக்ரோபோலோமீட்டர். பேரு பயமா இருந்தாலும் விஷயம் சிம்பிள். ஒவ்வொரு பிக்சலும் சிலிக்கானுக்கு மேல தொங்குற ஒரு மெல்லிய தகடு. அதுல வனேடியம் ஆக்சைடு பூசியிருக்கும். கதிர் பட்டா தகடு துளியூண்டு சூடாகும், அதோட மின்தடை மாறும். அந்த மாற்றத்தைப் பிக்சல் பிக்சலா படிச்சா படம் வந்துடும். 640-க்கு 480 சென்சார்னா 3,07,200 தகடு. குளிரூட்டல் எதுவும் தேவையில்ல.

சந்தை எப்படி வளர்ந்துச்சு

மைக்ரோபோலோமீட்டரை 1980-கள்ல அமெரிக்க ராணுவப் பணத்துல உருவாக்கினது ஹனிவெல் கம்பெனி. 1992 வரைக்கும் அது ரகசியம். அதுக்கப்புறம்தான் மத்த கம்பெனிகளுக்கு லைசென்ஸ் போச்சு. 2000-ல கேடிலாக் டெவில் கார்ல தெர்மல் நைட் விஷன் வந்துச்சு. 2014-ல போன்ல மாட்டுற ஃப்ளிர் ஒன் வந்துச்சு. 2020-ல கொரோனா வந்ததும் ஏர்போர்ட், ஆஃபீஸ், ஆஸ்பத்திரின்னு எல்லா வாசலுக்கும் தேவைப்பட்டுச்சு. 2021-ல டெலிடைன் கம்பெனி ஃப்ளிரை சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கிச்சு. 2022-ல தொடங்கின உக்ரைன் போர்ல ராத்திரியில பறக்குற ட்ரோனுக்கு தெர்மல் கேமரா அத்தியாவசியமாயிடுச்சு.

கவனிச்சீங்களா? முதல் பில்லை ராணுவம் கட்டுது. அப்புறம் கார், போன், காய்ச்சல்னு எண்ணிக்கை ஏறுது, விலை இறங்குது. இறங்கின விலையில திரும்ப ராணுவமே கூடுதலா வாங்குது. நம்ம நாட்டுலயும் நாக் ஏவுகணை இன்ஃப்ராரெட் படத்தை வச்சுத்தான் டாங்கியைத் தேடுது.

ராணுவப் பொருள்னாலே கட்டுப்பாடும் கூட வரும். வாசனார் ஏற்பாடுன்னு ஒரு சர்வதேச ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கு. இந்தியா 2017 டிசம்பர்ல அதுல சேர்ந்துச்சு. ஆன்லைன்ல தெர்மல் கேமரா ஸ்பெக் பாத்தீங்கன்னா பல மாடல்ல 9 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும். சென்சாரால அதுக்கு மேல முடியாதுன்னு அர்த்தம் இல்ல. அமெரிக்க விதிப்படி, செகண்டுக்கு 9 படத்துக்கு மேல போகாத கேமராவை ஏற்றுமதி பண்றது சுலபம். வேகமா ஓடுற இலக்கைக் குறிவைக்க அது பத்தாது.

அப்ப நமக்குக் குறைஞ்ச சரக்கா வருது? கணக்குப் போட்டுப் பாப்போம். யானை வேகமாப் போனா மணிக்கு 25 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. ரெண்டு படத்துக்கு நடுவுல அது நகர்றது 80 சென்டிமீட்டர்கூட வராது. தோப்புக்குள்ள யானை வருதான்னு பாக்க 9 ஹெர்ட்ஸ் தாராளம். நம்ம பிரச்சினை சென்சார்ல இல்ல, வேற இடத்துல இருக்கு.

மதுக்கரையில என்ன நடந்துச்சு

2021 நவம்பர்ல கோயம்புத்தூர் பக்கம் நவக்கரைகிட்ட ரயில் மோதி 3 யானைகள் செத்துச்சு. 2024 பிப்ரவரியில தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில 7.24 கோடி ரூபாய் செலவுல ஒரு ஏஐ கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கினாங்க. 12 கோபுரம், அதுல தெர்மல் கேமராவும் சாதாரண கேமராவும். தண்டவாளம் பக்கம் யானை வந்தா கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து வனத்துறை ஆளுங்களுக்கும் ரயில்வேக்கும் போகும், ரயில் வேகத்தைக் குறைப்பாங்க. அதுக்கப்புறம் அந்தப் பகுதியில ரயில் மோதி யானை சாகலைன்னு வனத்துறை சொல்றாங்க.

இதுல என்னை அசத்தினது கேமரா இல்ல. தகவல் வந்தா யார் என்ன செய்யணும்னு முன்னாடியே முடிவாகியிருக்கு. ரயில் ஒரு பாதையிலதான் வரும், அதுக்கு டிரைவர் இருக்காரு, பிரேக் இருக்கு.

கம்பம் பள்ளத்தாக்குல தண்டவாளம் இல்ல

இப்ப எங்க ஊருக்கு வாங்க. லோயர் கேம்ப், பளியன்குடி பக்கம் யானை எந்த வழியா வேணாலும் இறங்கும். கீழே வாழை, தென்னை, திராட்சை. தோட்டத்துல ராக்காவலுக்குப் படுத்திருக்கிறவருக்கு யார் பிரேக் போடுவாங்க?

அரிக்கொம்பனை நினைச்சுப் பாருங்க. 2023 ஏப்ரல்ல கேரள வனத்துறை சின்னக்கானல்ல பிடிச்சு, கழுத்துல ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டுல விட்டாங்க. அது எங்க இருக்குன்னு சிக்னல் சொல்லிட்டுத்தான் இருந்துச்சு. ஆனாலும் மே 27-ம் தேதி கம்பம் தெருவுல ஓடுச்சு. ஒருத்தர் காயம்பட்டு இறந்தாரு. ஜூன் 5-ம் தேதிதான் மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. இடம் தெரியறது வேற, தடுக்கிறது வேற.

காட்டுத்தீயும் அப்படித்தான். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் இன்ஃப்ராரெட் படத்தை வச்சு தீ எச்சரிக்கை அனுப்புது. பதிவு பண்ணிக்கிட்டா யாருக்கு வேணாலும் எஸ்எம்எஸ் வரும். அதுல விர்ஸ்ங்கிற சென்சாரோட ஒரு பிக்சல் 375 மீட்டருக்கு 375 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதுக்குள்ள சின்னத் தீ இருந்தாலும் கண்டுபிடிச்சிடும், ஆனா எந்த ஓடைக்கரைன்னு சொல்லாது. அதைச் சுமக்கிற செயற்கைக்கோள் மதியம் 1:30 வாக்குல ஒரு தடவை, ராத்திரி 1:30 வாக்குல ஒரு தடவை கடக்கும். நடுவுல புல்லுக்காட்டுல பிடிக்கிற தீ அதுவரைக்கும் காத்திருக்காது. 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவங்க தீயில மாட்டி 23 பேர் செத்தாங்க. போடிக்குப் பக்கம், எங்க மாவட்டம்.

தெர்மல் கேமராவுக்கும் எல்லை இருக்கு. பகல்ல காஞ்ச பாறை சாயங்காலம் யானை மாதிரியே ஒளிரும். அடர்ந்த இலைக்குப் பின்னாடி நிக்கிற மிருகம் தெரியாது. மழை, பனிமூட்டத்துல தூரம் குறையும். ரெண்டு நாள் பொய் எச்சரிக்கை வந்தா, மூணாவது நாள் யாரும் எழுந்து வரமாட்டாங்க.

அதனால உங்க ஊர்ல தெர்மல் கேமரா வைக்கப்போறாங்கன்னு பேச்சு வந்தா, எத்தனை பிக்சல்னு கேக்காதீங்க. மூணே கேள்வி கேளுங்க. ராத்திரி 2 மணிக்கு எச்சரிக்கை யார் போனுக்கு வரும்? அவர் அங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அதுவரைக்கும் தோட்டத்துல இருக்கிறவர் எந்தப் பக்கம் நகரணும்? மூணுக்கும் பதில் இருந்தா, விலை குறைஞ்ச சென்சார்கூட உயிரைக் காப்பாத்தும். இல்லைன்னா, சம்பவம் நடந்தப்புறம் டிவியில போட ஒரு வீடியோ கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடுல பாப்போம் மக்களே. காட்டோர ஊர்ல சொந்தக்காரங்க இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க.