உள்ளங்கை அரித்தால் ரத்தப் பரிசோதனை

உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள். ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு அரித்தால் ரத்தப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும்.

எல்லா அரிப்புக்கும் அல்ல. வயிறு பெரிதாகும்போது தோல் இழுபட்டு அரிப்பது சாதாரணம்; "தேங்காய் எண்ணெய் தடவிக்கோ, சரியாப் போயிடும்" என்று அம்மா சொல்வது பெரும்பாலும் பலித்தும்விடும். இது வேறு ரகம். உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கும், ராத்திரியில் கூடும். பாதத்தைத் தரையில் தேய்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்க வைக்கும். தடிப்போ கொப்புளமோ இருக்காது, நகக் கீறல்தான் மிச்சம். சிலருக்கு மட்டும் சிறுநீர் கறுக்கும், கண் மஞ்சளாகும். அப்போது கீழாநெல்லி அரைக்க உட்காராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் என்று இதற்குப் பெயர். கர்ப்பத்தில் பெருகும் ஹார்மோன்களால் சிலருடைய கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடிவதில்லை. பித்த அமிலங்கள் ரத்தத்தில் தேங்குகின்றன. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. இங்கிலாந்தில் ஆயிரம் கர்ப்பிணிகளில் சுமார் 7 பேருக்கு வருகிறது. அங்குள்ள இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களில் 12 முதல் 15 பேருக்கு. நம்மவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

தாய்க்குத் தூக்கம்தான் போகும். ஆபத்து குழந்தைக்கு. பித்த அமிலம் மிகவும் ஏறினால் சிசுவின் இதயத்துடிப்பு திடீரெனத் தடுமாறி நின்றுவிடலாம் என்று கருதுகிறார்கள். இன்று எடுத்த சி.டி.ஜி. (சிசுவின் இதயத்துடிப்புப் பதிவு) நன்றாக இருப்பது நாளைக்கு உத்தரவாதமில்லை. ஆகவே எல்லாம் ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. 2019இல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது ஆயிரத்தில் ஒன்றிரண்டு. மற்ற கர்ப்பங்களிலும் நடக்கக்கூடியதுதான். 100ஐத் தொட்டவர்களில் ஆயிரத்துக்கு 34. எனவே 100க்கு மேல் போனால் 35, 36ஆவது வாரத்திலேயே பிரசவம் பார்த்துவிடச் சொல்கிறது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல். 40க்கும் 100க்கும் நடுவே என்றால் 38, 39ஆவது வாரம். அதற்கும் குறைவு என்றால் 40 வாரம் வரை பொறுக்கலாம்.

இந்த எண் தெரிய வேண்டுமே! கல்லீரல் பரிசோதனையை மட்டும் எடுத்து "நார்மல்" என்று அனுப்பிவிடுவது போதாது. பித்த அமிலப் பரிசோதனை எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒருமுறை சரியாக இருந்தும் அரிப்பு நிற்கவில்லையா, ஓரிரு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். சிலருக்கு அரிப்பு முந்திக்கொள்ளும், எண் பிறகுதான் ஏறும்.

மாத்திரை இல்லையா என்று கேட்பார்கள். அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் பல வருடங்களாக எழுதித் தரப்படுகிறது. இங்கிலாந்தில் 605 பெண்களிடம் சோதித்துப் பார்த்ததில் அரிப்பு சற்றே குறைந்தது. குழந்தைகளுக்கு நேர்ந்த பாதிப்பு குறையவில்லை. மாத்திரை சாப்பிடுகிறோமே என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் என் பார்வையில் பெரிய ஆபத்து. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதி பார்க்கக் கூடாது.

பிரசவமானதும் அரிப்பு சில நாட்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கல்லீரலில் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். கருத்தடை மாத்திரை கேட்கப் போகும்போதும் இந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சிலருக்கு அதே அரிப்பைக் கிளப்பிவிடும்.