மெழுகுவத்திக்கு நோ... வைஃபைக்கு யெஸ்! - ஆக்ஸ்ஃபோர்டின் அசத்தல் லைப்ரரி

ஹாரி பாட்டர் படம் பார்த்திருக்கீங்களா? ஹாக்வார்ட்ஸ் லைப்ரரி காட்சிகள் வருமே... அது செட் இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் போட்லியன் நூலகத்தின் பழைமையான பகுதியான 'டியூக் ஹம்ஃப்ரீஸ்' அறையில் எடுத்தது.

1488-ல் திறந்த அறை இது. 1550-களில் புத்தகங்கள் எல்லாம் போய் காலியாகக் கிடந்ததை, தாமஸ் போட்லி என்பவர் சொந்தப் பணத்தைக் கொட்டி சீரமைத்து, 1602-ல் மீண்டும் திறந்தார்.

இங்கே படிக்க வர்றவங்க ஓர் உறுதிமொழி எடுக்கணும். 'உள்ளே நெருப்பு கொண்டுவர மாட்டேன், பற்றவைக்க மாட்டேன்' என்பது அதில் முக்கியமானது. சும்மா சம்பிரதாயம்னு நினைச்சுடாதீங்க. 1845 வரை இங்கே ஹீட்டிங் வசதி கிடையாது. 1929 வரை மின்விளக்கும் கிடையாது. குளிரில் நடுங்கினாலும் பரவாயில்லை, புத்தகம் எரியக் கூடாது என்பதுதான் கணக்கு.

இன்னொரு ரூல், வீட்டுக்குப் புத்தகம் தர மாட்டாங்க. 1645-ல் மன்னர் முதலாம் சார்லஸ் கேட்டபோதே 'முடியாது' என்று சொல்லிவிட்டார்கள்!

சரி, டெக்னாலஜி எங்கே?

போட்லியன் நூலகங்களில் இப்போது இருப்பது 1 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமான அச்சுப் பிரதிகள். பழைய கட்டடத்தில் இடம் பத்துமா? அதனால், சுமார் 45 கி.மீ தள்ளி ஸ்விண்டன் என்ற ஊரில் 2010-ல் பிரமாண்ட சேமிப்புக் கிடங்கு ஒன்றைத் திறந்தார்கள். அங்கிருக்கும் அலமாரிகளை வரிசையாக நீட்டினால் சுமார் 246 கி.மீ வரும்.

அங்கே புத்தகங்களைத் தலைப்பு வாரியாக அடுக்குவதில்லை. உயரம், அகலம் பார்த்து அடுக்குகிறார்கள். ஒரே சைஸ் புத்தகங்கள் ஒன்றாக இருந்தால், அலமாரியில் துளி இடம்கூட வீணாகாது. கவிதைக்குப் பக்கத்தில் கணிதம் இருந்தாலும் கவலையில்லை. எது எங்கே இருக்கிறது என்பதை பார்கோடு சொல்லிவிடும். மாணவர் ஆன்லைனில் கேட்டால் போதும், வேன் ஏறி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்துவிடும் புத்தகம்.

ஒரு தப்பு... ஒரு பாடம்!

இவ்வளவு கவனமான நூலகமும் ஒருமுறை சறுக்கியிருக்கிறது. 1623-ல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு இங்கே இருந்தது. பிறகு புதிய பதிப்பு வந்ததும், 'பழசு எதுக்கு?' என்று 17-ம் நூற்றாண்டிலேயே அதை வெளியே அனுப்பிவிட்டார்கள். 1905-ல் ஒரு மாணவர் தன் வீட்டிலிருந்த பழைய புத்தகத்தைப் பற்றி ஆலோசனை கேட்க எடுத்துவர, பைண்டிங்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது... அதே பிரதி! பொதுமக்களிடம் நிதி திரட்டி, 3,000 பவுண்டு கொடுத்துத்தான் 1906-ல் திரும்ப வாங்க முடிந்தது.

இப்போது அந்தப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்தையும் டிஜிட்டலாக்கி, இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 'ரோமியோ ஜூலியட்' பக்கங்களைப் பாருங்க... அந்தக் கால மாணவர்கள் புரட்டிப் புரட்டித் தேய்ந்துபோயிருக்கும். புதுப் பதிப்பில் நாடகம் கிடைக்கும். இந்தத் தேய்மானம் கிடைக்குமா?

ஸ்கேன் பண்ணியாச்சேனு வீட்டிலிருக்கும் பழைய புத்தகத்தை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் யோசிங்க மக்களே!