யோசனை சொல்பவருக்குப் படியளப்பவர் யார்?

வாஷிங்டனில் ஒரு "சிந்தனைக் கூட"த்தின் கதை

ராஜாவுக்கு யோசனை சொல்ல மந்திரி உண்டு. மந்திரிக்கு யோசனை சொல்வது யார்?

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் இந்தக் கேள்விக்கு ஒரு வீதியையே பதிலாகக் காட்டி விடலாம். மாசசூசெட்ஸ் அவென்யூ என்ற அந்த வீதியில், தூதரகங்களுக்கு நடுவே ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் பல இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் நிபுணர்கள் தேர்தலில் நிற்பதில்லை. சர்க்கார் பைல்களில் கையெழுத்திடுவதும் இல்லை. ஆனால் வரியைப் பற்றியும், யுத்தத்தைப் பற்றியும், பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அவர்கள் எழுதும் அறிக்கைகள் சில சமயம் சட்டமாகவே உருவெடுத்து விடுகின்றன. இந்த ஸ்தாபனங்களைத்தான் "திங்க் டாங்க்" என்கிறார்கள். நாம் சிந்தனைக் கூடம் என்று வைத்துக் கொள்வோம்.

இவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று புரூக்கிங்ஸ் நிலையம். அதன் கதையைக் கேட்டால், சுதந்திரமாக யோசனை சொல்வது எவ்வளவு சிரமமான காரியம் என்பது விளங்கும்.

வியாபாரி போட்ட விதை

ராபர்ட் புரூக்கிங்ஸ் பெரிய படிப்புப் படித்தவரல்ல. 1850-ல் மேரிலாந்து மாகாணத்தில் பிறந்து, பதினேழாவது வயதில் செயின்ட் லூயி நகரத்துக்குப் போய், வீட்டுக்கு வேண்டிய மரச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் சேர்ந்தவர். ஊர் ஊராகச் சுற்றி விற்று, சில வருஷங்களிலேயே அந்தக் கம்பெனியில் பங்காளியானார். ஐம்பது வயதாகுமுன்பே, "சம்பாதித்தது போதும்" என்று வியாபாரத்தை விட்டுப் பொதுக் காரியங்களில் இறங்கி விட்டார்.

முதல் உலக யுத்தத்தின்போது சர்க்காரின் விலை நிர்ணயக் கமிட்டிக்கு அவர் தலைவராக இருந்தார். சரியான புள்ளி விவரம் இல்லாமல் சர்க்கார் நடத்துவது எத்தனை கஷ்டம் என்பதை அங்கே நேரில் கண்டார்.

1916-ல் ஏற்பட்ட அரசாங்க ஆராய்ச்சிக் கழகத்தை ஆதரித்து வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்த நாளில் அமெரிக்க சர்க்காருக்கு ஒழுங்கான ஒரே பட்ஜெட் கிடையாது என்றால் நம்புவீர்களா? ஒவ்வோர் இலாகாவும் தனக்கு வேண்டியதைத் தனித்தனியே கேட்கும். இதை மாற்றிய 1921-ம் வருஷத்துப் பட்ஜெட் சட்டத்தை உருவாக்குவதில் அந்தக் கழகத்தார் உதவினார்கள். 1922-ல் பொருளாதாரக் கழகமும், 1924-ல் ஒரு கல்லூரியும் தோன்றின. 1927-ல் மூன்றும் ஒன்றாகி, புரூக்கிங்ஸ் நிலையம் ஆயின.

பொருளாதாரக் கழகம் ஆரம்பிக்கும்போதே ஒரு விதி எழுதி வைத்தார்கள். ஆராய்ச்சியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது டிரஸ்டிகளின் வேலையல்ல. ஆராய்ச்சி நன்றாக நடக்க வசதி செய்து கொடுப்பதே அவர்கள் வேலை என்பது அதன் சாரம். பணம் திரட்டுகிறவர் பேனாவைப் பிடிக்கக் கூடாது!

இரு பக்கமும் இடி

விதி எழுதுவது சுலபம், காப்பாற்றுவது கஷ்டம்.

1930-களில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பொருளாதாரத் திட்டங்களில் சிலவற்றை இந்த நிலையம் கடுமையாகக் குறை கூறியது. "இது பணக்காரர் பக்கம்" என்று பலர் நினைத்தார்கள்.

ஆனால் 1947 டிசம்பர் கடைசியில், யுத்தத்தால் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு உதவும் மார்ஷல் திட்டத்தை யார் நிர்வகிப்பது என்று தகராறு வந்தபோது, செனட்டர் வாண்டன்பர்க் உதவி கேட்டது இந்த நிலையத்தைத்தான். நான்கே வாரத்துக்குள், 1948 ஜனவரி 22-ல், அறிக்கை வந்து விட்டது. வெளிநாட்டு இலாகாவிடம் விடாமல் தனி நிர்வாகம் வேண்டும், அதன் தலைவருக்கு மந்திரி அந்தஸ்து வேண்டும் என்றது அறிக்கை. அந்த வருஷமே தனி நிர்வாகம் ஏற்பட்டது.

1971-ல் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. வியட்னாம் சம்பந்தமான ரகசியக் காகிதங்கள் புரூக்கிங்ஸ் கட்டடத்தில் இருக்கின்றன என்று ஜனாதிபதி நிக்ஸன் சந்தேகப்பட்டார். உள்ளே புகுந்து பெட்டியை உடைத்தாவது எடுத்து வாருங்கள் என்று உதவியாளர்களுக்கு உத்தரவிட்டார். பின்னாளில் வெளியான, அவர் அறையில் பதிவான ஒலிநாடாக்களே இதற்குச் சாட்சி. நல்ல வேளையாக அந்தத் திருட்டு நடக்கவில்லை. அன்று பணக்காரர் பக்கம் என்று பெயர் வாங்கிய அதே நிலையம், இன்று எதிர்க்கட்சிக் கோட்டையாகத் தெரிந்தது!

போட்டியும் பணமும்

அதற்குள் போட்டியும் வந்து விட்டது. 1973-ல் வலதுசாரிகளின் ஹெரிடேஜ் பவுண்டேஷனும், 2003-ல் எதிர்த் தரப்பாரின் அமெரிக்க முன்னேற்ற மையமும் தோன்றின. நீதிபதியைப் போல் இருபுறமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது ஒரு வகை; வக்கீலைப் போல் ஒரு புறம் வாதாடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகை பெருகிற்று.

ஆட்சி மாறும்போது ஆட்களும் இடம் மாறுகிறார்கள். மத்திய வங்கித் தலைமையிலிருந்து விலகியபின் ஜேனட் யெல்லன் புரூக்கிங்ஸுக்கு வந்தார். 2021-ல் நிதி மந்திரியாகி விட்டார். இதனால் அனுபவமும் வருகிறது, ஆபத்தும் வருகிறது.

பெரிய ஆபத்து பணத்தில்தான். சொந்த நிதியின் வருமானம் போதாமல் தர்ம ஸ்தாபனங்கள், கம்பெனிகள், சர்க்கார்கள் ஆகியோரிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. அரபு நாடான கத்தார், நான்கு வருஷங்களில் 1 கோடியே 48 லட்சம் டாலர் கொடுக்க 2013-ல் ஒப்புக் கொண்டது என்று 2014-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியதும் பெரிய சர்ச்சை எழுந்தது. பணம் எங்கள் முடிவுகளை மாற்றுவதில்லை என்று நிலையம் பதில் சொன்னது. கொடையாளிகளின் பட்டியலையும் அது வருஷந்தோறும் வெளியிடுகிறது. எல்லாக் கூடங்களும் அப்படிச் செய்வதில்லை.

நமக்கென்ன?

நமக்கென்ன என்று இருந்து விட முடியாது. இதே நிலையம் 2013-ல் புது டில்லியிலும் கிளை திறந்தது. 2020-ல் அது வேறு பெயரில் தனி ஸ்தாபனமாயிற்று. மேலும், "சுதந்திர ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது" என்ற வரி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது.

அந்த வரியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்ளுங்கள். பணம் கொடுத்தவர் யார்? அதை வெளிப்படையாகச் சொல்கிறார்களா? பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காத ஒரு வார்த்தையாவது எப்போதாவது எழுதியிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் கிடைத்தால் மட்டுமே அந்த யோசனையைக் காது கொடுத்துக் கேட்கலாம்.