ரோஸ்ட்டும் டி-சர்ட்டும்

ரோஸ்ட் முறுகியதும் மாஸ்டர் கல்லிலேயே சுருட்டிவிடுவார். ஆறவிட்டால் உடைந்துவிடும், சூட்டில் சுருட்டியது அப்படியே நிற்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்னிங் மேசைக்கும் பேக்கிங் மேசைக்கும் நடுவே கவனிப்பதும் இதைத்தான், ஆனால் தலைகீழாக.

பருத்தி இழையில் ஈரமும் சூடும் ஏறினால் உள்ளே இருக்கும் பிடிப்பு தளரும். காய்ந்து ஆறும்போது, அந்த நேரத்தில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இறுகும். நீராவி அயர்ன் சுருக்கத்தை எடுப்பது இதனால்தான். சூடாறுவதற்குள் மடித்தால் புதுச் சுருக்கம் விழுவதும் இதனால்தான். கம்பெனி அயர்ன் மேசை அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். நீராவி கீழே போய் துணி சட்டென்று ஆறிவிடும். வீட்டில் நாற்காலி முதுகில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தாலே போதும். பொறுக்காமல் பீரோவில் அடுக்கினால், சுடச்சுட சப்பாத்தியை டப்பாவில் மூடின கதைதான். வேர்த்து, பூஞ்சை வாடை பிடிக்கும்.

ஹேங்கர்? சட்டைத் துணி முறம் மாதிரி, நெடுக்கும் குறுக்குமாகப் பின்னியது. பனியன் துணி ஜாங்கிரி, வளையத்துக்குள் வளையம். முறத்தை ஆணியில் மாட்டலாம். ஜாங்கிரியை மாட்டிப் பாருங்கள்! 180 ஜிஎஸ்எம் துணி என்றால் சதுர மீட்டருக்கு 180 கிராம். துவைத்த ஈரமும் சேர்ந்தால் அந்தப் பாரமே வளையங்களை இழுத்துவிடும். உடம்பு நீளும், தோளில் இரண்டு கொம்பு முளைக்கும்.

ஆகவே மடிப்புதான். பேக்கிங்கில் டி-சர்ட்டைக் குப்புறப் போட்டு, கழுத்துக்குக் கீழே அட்டை வைப்பார்கள். இரண்டு பக்கமும் கையோடு உள்ளே போகும், அடிப்பாகம் மேலே வரும். திருப்பினால் கழுத்து நடுவில் நிற்கும். அட்டை செய்வது இட்லிக் குழியின் வேலை: யார் ஊற்றினாலும் ஒரே அளவு. வீட்டில் பழைய காலண்டர் அட்டையை வெட்டிக்கொள்ளலாம், மடித்ததும் உருவிவிடுங்கள்.

ஒரே அளவில் மடித்தால்தான் அடுத்த வேலை, அதாவது அடுக்குவது, ஒழுங்காக நடக்கும். தோசை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அடியில் இருப்பதை உருவும்போது மொத்தமும் சரியும். அதற்குப் பயந்தே மேலே உள்ள இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வெளுக்க வைக்கிறோம். அதற்குப் பதில், தட்டு ஸ்டாண்டில் தட்டு நிற்பதுபோல் டிராயரில் நிற்க வையுங்கள். எல்லாம் கண்ணில் படும்.

ரப்பர் பிரின்ட் போட்டது மட்டும் வெயில் காலத்தில் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.