வாடகைப் பணமே வங்கிக் கடனைக் கட்டிவிடுமா?

"வாங்கிப் போடுங்கள், வாடகையே கடனைக் கட்டிவிடும்" என்று வீட்டு முகவர்கள் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். முன்பணம் கட்டுமுன் அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

4 லட்சம் ரிங்கிட்டுக்கு ஓர் அடுக்குமாடி வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு, அதாவது 360,000 ரிங்கிட் தருகிறது. வட்டி 4.5 விழுக்காடு, தவணை 30 ஆண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 1,824 ரிங்கிட் கட்ட வேண்டும். வாடகை 1,600 வருகிறது. பற்றாக்குறை 224 தானே என்று தோன்றும். ஆனால் ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே வாடகையின் சராசரி 1,467-க்கு இறங்கிவிடும். பராமரிப்புக் கட்டணம் 250 என்று சேர்த்தால், மாதம் 600 ரிங்கிட்டுக்கு மேல் நம் சட்டைப் பையிலிருந்துதான் போகும். கதவு வரி, நில வரி, பழுதுபார்ப்புச் செலவு தனி.

வட்டியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டை எட்டியது. 2025 ஜூலையில்தான் 2.75-க்கு இறங்கியது. மேலே சொன்ன கடனுக்கு வட்டி ஒரு விழுக்காடு கூடினால் தவணை 2,044 ஆகும். அதற்காக வாடகைக்காரர் 220 ரிங்கிட் கூட்டித் தரப்போவதில்லை.

55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்க நினைப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அந்த வயதில் வங்கி நீண்ட தவணை தருவதில்லை. அதே கடனை 15 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 2,754 ரிங்கிட் வேண்டும். சம்பளம் நின்ற பிறகு இது தாங்குமா? மூன்றாவது வீட்டுக் கடன் என்றால் 2010 நவம்பர் முதல் 70 விழுக்காடுதான் கிடைக்கும். மீதி 120,000 ரிங்கிட் கையில் இருக்க வேண்டும்.

முடியாவிட்டால் விற்றுவிடலாம் என்பார்கள். வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரியாகப் போகும். நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. குடிமக்களுக்கு 2022 முதல் ஆறாம் ஆண்டிலிருந்து இந்த வரி இல்லை. வாடகை வருமானத்துக்கும் வரி உண்டு. அதில் கடன் வட்டியைக் கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது.

வாடகை தராதவரை நினைத்தவுடன் வெளியேற்றவும் இயலாது. நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றினால் சட்டம் நம் பக்கம் நிற்காது. வழக்கமாக வாங்கும் இரண்டு மாத முன்பணம் வழக்கு முடியும்வரை போதாது. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி வையுங்கள்; ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிய பிறகு வீடு தேடப் புறப்படுங்கள்.